கறிக்கடை வெண்டெல் சுடாத மூஸ்

வெண்டெலுக்குக் "கறிக்கடை" என்று பேர் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. அவர் கறிக்கடை வைத்ததே இல்லை. வாழ்நாளில் வைத்ததெல்லாம் பனிவண்டி பழுது பார்க்கும் ஒரு கொட்டகைதான். போன பிப்ரவரியில் ஆற்று வளைவில் ஒரு பெண் மூஸ், குதிரையைவிட உயரமான காட்டுமான், அவர் மேல் பாய்ந்து வந்தது, அவர் சுட்டார், அது விழுந்தது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அலாஸ்காவில் உயிருக்குப் பயந்து ஒரு மூஸைச் சுட்டவன் அதைக் குடலெடுத்து, தோலுரித்து, கூறுபோட்டு, எலும்பில் ஒட்டிய கறிவரை வழித்து அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். வெண்டெல் விறைத்த விரல்களோடு அத்தனையும் செய்தார். வனவிலங்குக் காவலர் வந்து பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், நியாயமான காரியம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கறி தேவாலயத்துச் சமையலறைக்குப் போயிற்று. ஒரு துண்டுகூட வாயில் படாமல் பேர் மட்டும் வெண்டெலுக்கு மிஞ்சியது.

பேர் வைத்தவர் ஓர்லோ. ஏரிக்கு இந்தக் கரையில் வெண்டெல் வீடு, அந்தக் கரையில் ஓர்லோ வீடு. முப்பது வருஷச் சிநேகம். ஊருக்குச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் பனிவண்டித் தடம்தான் எல்லாவற்றுக்கும் வழி. அந்தத் தடத்தைப் பராமரிப்பவர் ஓர்லோ. பழைய இரும்புக் கட்டில் சட்டம் ஒன்றை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து, பனியை அமுக்கிச் சமப்படுத்துவார். ஓரத்து மரங்களை வெட்டி ஒதுக்குவார். இதற்கெல்லாம் யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் காசும் கொடுப்பதில்லை. அதனாலேயே தடத்தில் நடக்கும் சகலத்துக்கும் தானே நீதிபதி என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வெண்டெல் சுட்ட மறுநாள் ஓர்லோ ஆற்று வளைவுக்குப் போய்க் குளம்புத் தடங்களைக் குனிந்து குனிந்து பார்த்தார். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து ஊர்க்கூடத்தில் சேர்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமையில், எல்லார் வாயிலும் சோறு இருக்கும் நேரம் பார்த்துத் தீர்ப்பைச் சொன்னார்.

"அது திரும்பத்தான் பாத்திருக்கு. தடத்துலயே தெரியுது. ஒரு பைப் புகையிலை பிடிக்கிற நேரம் பொறுத்திருந்தா தன்னால போயிருக்கும். மூஸ் வழியில நின்னா நாமதான் காத்திருக்கணும். முப்பது வருஷமா நான் துப்பாக்கி தூக்கினதில்ல. என்ன செத்தா போயிட்டேன்?"

அப்புறம் வெண்டெல் தட்டில் கறிக்குழம்பு ஊற்றப் போன பெண்மணியிடம், "அவருக்கு எதுக்கு, அவரே கறிக்கடை" என்றார். கூடம் சிரித்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பேர் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஓர்லோ அவரை "நீங்க" என்றுதான் கூப்பிடுகிறார். முப்பது வருஷம் வாடா போடா என்று பேசியவன் நீங்க என்றால் அதைவிடப் பெரிய வசவு வேறு இல்லை.

வெண்டெலுக்குப் பேரைப் பற்றிக் கவலையில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட ஆழமாகக் குத்தியது வேறொன்று. அந்த மூஸ் திரும்பத்தான் பார்த்ததா? அவருக்கே தெரியவில்லை. விறகு பிளக்கும்போது, வண்டிக்கு எண்ணெய் மாற்றும்போது, அந்தக் கணத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பார். ஒரு நாள் அது பாய்ந்து வரும். இன்னொரு நாள் யோசித்தால் தலையைத் திருப்புகிற மாதிரி இருக்கும். அந்த வேட்டைத் துப்பாக்கியை அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

இந்த நிலையில்தான் ஓர்லோவின் மகள் டெஸ்ஸா கல்யாணச் செய்தியோடு வந்தாள். இந்த ஊர்ப் பக்கம் கல்யாணம் செய்துவைக்கப் பாதிரியார்தான் வேண்டும் என்பதில்லை. யாரை வேண்டுமானாலும் அந்த ஒரு நாளுக்கு நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டெஸ்ஸா வெண்டெல் பேரைக் கொடுத்திருந்தாள்.

"உங்கப்பன் ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டார் வெண்டெல்.

"கேக்கவே இல்ல மாமா. எனக்குப் பனிவண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தது நீங்க. அவரு கோச்சுக்கிட்டா கேக் கிடைக்காதுன்னு சொல்லிட்டேன்."

கேக் சுடுவது வெண்டெலின் மனைவி மார்னி. மூன்று அடுக்கு, மேலே ஏரிக்கரையில் பறித்துப் பதப்படுத்திய நீலப்பழம். மார்னியின் கேக்கென்றால் ஓர்லோ எந்தத் தன்மானத்தையும் விற்றுவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம்.

கல்யாணம் மாப்பிள்ளை கிப்பின் மரவீட்டில். அது மலை மடிப்புக்கு அப்பால், தடத்தின் கடைசியில் இருக்கிறது. விருந்தாளிகள் எல்லாம் விடிந்ததும் வண்டி வண்டியாகக் கிளம்பிவிட்டார்கள். மார்னியும் மணப்பெண்ணுக்கு உடுத்திவிடக் கூடவே போய்விட்டாள். கேக்கின் மேல்பூச்சு இறுகவில்லை, அதனால் அதை மத்தியானம் கொண்டுவரும் பொறுப்பு இரண்டு பேருக்கு விழுந்தது. பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குவண்டி ஓர்லோவிடம் இருக்கிறது, கேக் வெண்டெல் வீட்டில் இருக்கிறது. கடுங்குளிரில் தனியாகத் தடத்தில் போகக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். மார்னி இதைத் திட்டம் போட்டுச் செய்தாளா என்று கேட்டால் சத்தியமாக இல்லை என்பாள். போகும்போது துப்பாக்கியை எடுத்து வெண்டெல் தோளில் மாட்டிவிட்டுப் போனாள்.

"எனக்கு வேணாம்" என்றார் அவர்.

"கேக்குக்கு வேணும்" என்றாள் அவள்.

ஓர்லோ வந்தார். கோட்டுக்குள்ளே டை கட்டியிருந்தார். துப்பாக்கியைப் பார்த்தார், புருவம் ஏறி இறங்கியது. கேக் இருந்த மரப்பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்துக் கயிறு போட்டார்கள். "நீங்க பின்னால ஏறிக்குங்க" என்று ஓர்லோ சொல்ல, வெண்டெல் பெட்டிக்குப் பின்னால் சறுக்குவண்டியில் ஏறி நின்றார், வண்டி கிளம்பியது.

தடத்தைப் பார்த்து வெண்டெல் மனதுக்குள் மெச்சத்தான் வேண்டியிருந்தது. மகள் கல்யாணம் என்று ஓர்லோ ஒரு வாரமாகக் கட்டில் சட்டத்தை இழுத்துத் தள்ளியிருக்கிறார். பனி இறுகி, வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பக்கமும் இடுப்பளவு புதுப்பனி. பிர்ச் மரங்களுக்குள் நுழையும் இடத்தில் தடத்தை அகலப்படுத்த இளமரங்களை வெட்டி, உச்சிக் கிளைகளை ஓரமாக வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். பார்க்க அலங்காரம் மாதிரிதான் இருந்தது.

அந்த அலங்காரத்தை ஒரு மூஸ் தின்றுகொண்டிருந்தது.

இளவட்டக் கடா. கொம்பு உதிர்ந்துவிட்ட பருவம். தடத்தின் நட்டநடுவில் நின்று, பிர்ச் நுனிகளை ஒவ்வொன்றாக ஒடித்து, சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. ஓர்லோ நல்ல தூரத்திலேயே வண்டியை நிறுத்தினார். வெண்டெலும் இறங்கினார், ஓர்லோ வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"காத்திருப்போம்" என்றார்.

"நீ சொன்னா சரி" என்றார் வெண்டெல்.

ஓர்லோ பைப்பை எடுத்து, புகையிலை அடைத்து, காற்றுக்குக் கை மறைத்துப் பற்றவைத்தார். இழுத்தார். மூஸ் தின்றது. அவர் இழுத்தார், அது தின்றது. பைப் அணைந்தது. வெண்டெல் மேகத்தைப் பார்த்தார், தன் கையுறையைப் பார்த்தார், அணைந்த பைப்பை மட்டும் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். கடைசியில் முடியவில்லை.

"ஒரு பைப் ஆயிடுச்சு போலிருக்கே" என்றார்.

"பசியா இருக்கு பாவம். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்."

"பசிக்காம என்ன? இப்படி வெட்டி வரிசையா பரிமாறி வெச்சா நானே உக்காந்து தின்னுவேன். எங்க பாத்தாலும் இடுப்பளவு பனி, நடக்க முடியாம அதுங்க செத்துட்டிருக்கு. நீ மெத்தை மாதிரி தடத்தையும் போட்டு, ஓரத்துல இலையும் போட்டு வெச்சிருக்க. கல்யாணப் பந்திக்கு அது முந்திக்கிச்சு. அவ்வளவுதான்."

ஓர்லோ திரும்பி, சாய்ந்து கிடந்த கிளைகளை நெடுகப் பார்த்தார். முப்பது வருஷமாக அவர் மரத்தை வெட்டினால் காட்டுக்குள்ளே இழுத்துக் கொண்டுபோய்த்தான் போடுவார். இந்த ஒரு தடவை, அழகாக இருக்கட்டும் என்று ஓரத்திலேயே விட்டிருந்தார். தடத்து நீதிபதிக்கே இது தோன்றவில்லை என்பதில் வெண்டெலுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். மனுஷன்தானே.

திரும்பிப் போகலாம் என்றால் சறுக்குவண்டியோடு அந்த ஒடுக்கத்தில் திருப்ப இடமில்லை. பனிக்காலணி போட்டு மிதித்துச் சுற்றுவழி போடலாம் என்றால் இரண்டு பக்கமும் புதர். வெயில் மலைமேட்டுக்கு மேலே ஒரு கை உயரத்துக்கு இறங்கிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்தில் வைத்துக் கல்யாணம் என்று ஏற்பாடு. ஓர்லோ நடந்தார், நின்றார், கேக் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், டையைச் சரிசெய்தார்.

"ஒரே பொண்ணு எனக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அப்புறம் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓர்லோ, வேணாம்" என்றார் வெண்டெல்.

"சும்மா ஒரு சத்தம் குடுக்கிறேன். நகந்துரும்."

அவர் எஞ்சினை உறுமவிட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னால் விட்டார். மூஸ் தலையைத் தூக்கியது. இன்னும் கொஞ்சம் விட்டார். காதுகள் பின்னால் மடிந்தன. முதுகுத் திமிலில் மயிர் குத்திட்டு நின்றது. நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கியது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த நாக்கு வந்தால் அடுத்தது பாய்ச்சல்தான் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

அது வந்தது. ஓர்லோவின் வண்டிக்குப் பின்னோக்கி ஓடத் தெரியாது, அவ்வளவு பழசு. அவர் கைப்பிடியை ஒடித்து ஒதுங்கப் பார்த்தார். முன்சறுக்கு இறுகிய தடத்தை விட்டு இளம்பனியில் இறங்கியதும் வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. ஓர்லோவின் ஒரு கால் அடியில் மாட்டிக்கொண்டது. கையுறை விசைப்பிடியில் சிக்கி, எஞ்சின் நிறுத்தாமல் அலறியது. அந்த அலறலுக்கு மேலே இன்னொரு அலறல் கேட்டது.

"சுடு! சுடுடா வெண்டெல்!"

துப்பாக்கி எப்போது தோளிலிருந்து கைக்கு வந்தது என்று வெண்டெலுக்குத் தெரியாது. ஒரு வருஷமாகத் தொடாத இரும்பு, கன்னத்தில் சில்லென்று ஒட்டியது. குறிமுனையில் அதே பழுப்பு நெஞ்சு, அதே மடிந்த காது. போன வருஷம் மாதிரியேதான் இருந்தது. விரல் பாதி அழுத்திவிட்டது. அந்தப் பாதியில்தான் அவர் கண்டார், மூஸ் ஓர்லோவைப் பார்க்கவில்லை. கத்துகிற வண்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"சிவப்புப் பொத்தான்!" என்று கத்தினார். "எஞ்சினை அணைடா!"

ஓர்லோவின் மறு கை தடவித் தடவிப் பொத்தானை அமுக்கியது. காட்டில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. மூஸ் சறுக்குவண்டிக்கு அந்தப் பக்கம் நின்றது. அதன் மூச்சு ஆவியாகக் கேக் பெட்டி மேல் படிந்தது. ஓர்லோ பனிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார். வெண்டெல் குறியை எடுக்காமல், ஒவ்வொரு அடியாகத் தடத்தை விட்டு இறங்கினார். இடுப்புவரை பனியில் புதைந்து நின்று வழியை விட்டார். இப்போது அதற்கு முன்னால் மெத்தை மாதிரித் தடம் காலியாகக் கிடந்தது.

அது யோசித்தது. மடிந்த காது ஒன்று மெல்ல நிமிர்ந்தது. நீண்ட காலைத் தூக்கிச் சறுக்குவண்டியைத் தாண்டியது. முன்கால் தாண்டிவிட்டது, பின்கால் தாண்டவில்லை. பெட்டி மூடி மளுக்கென்று முறிந்தது. குளம்பை உதறி எடுத்துக்கொண்டு, வெண்டெலை உரசாத குறையாக, ஈரக் கம்பளி நாற்றத்தோடு கடந்து போனது. ஓர்லோ போட்ட தடத்தில் ஊர்ப்பக்கமாக, மாப்பிள்ளை நடையில் போயிற்று.

வெண்டெல் அதற்கப்புறம்தான் குறியை இறக்கினார். துப்பாக்கியைப் பனியில் வைத்துவிட்டு, வண்டிக்கடியில் பனியைத் தோண்டி ஓர்லோவின் காலை விடுவித்தார். எலும்பு முறியவில்லை, கணுக்கால் சுளுக்கு. இருவரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். ஓர்லோ சறுக்குவண்டி ஓரத்தில் உட்கார்ந்தார். பைப்பைத் தேடினார், அது பனியில் எங்கோ போய்விட்டிருந்தது.

"ஏண்டா சுடல?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சு."

"நிக்கலன்னா?"

"சுட்டிருப்பேன். இன்னும் ஒரு அடி வந்திருந்தா சுட்டிருப்பேன். நீதான் சீண்டினேன்னு காவலர்கிட்ட சொல்லி உன்ன மாட்டியும் விட்டிருப்பேன்."

ஓர்லோ சிரிக்கவில்லை. தன் டையைப் பார்த்தபடியே, "போன வருஷம்?" என்றார்.

வெண்டெல் வாயைத் திறந்தார். ஒரு வருஷமாக மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தது, இப்போது ஒரே சொல்லாக வந்தது.

"நிக்கல."

தனக்கு அது தெரியும் என்பதே சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இன்றைக்கு நின்றதைப் பார்த்த கண்ணுக்கு அன்றைக்கு நிற்காதது நன்றாக விளங்கியது. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போயிற்று. அழுகை வரும்போல் இருந்தது, குளிரில் கண்ணீர் உறைந்து தொல்லை என்று அடக்கிக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேரும்போது வெயில் மேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. முற்றத்தில் விருந்தாளிகள் குளிருக்குக் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார்கள். டெஸ்ஸா வெள்ளைக் கவுனுக்கு மேல் கிப்பின் கோட்டைப் போட்டுக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினாள். வெண்டெல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மனப்பாடம் செய்திருந்ததைச் சொல்லி, இருக்கிற வெளிச்சத்துக்குள் கல்யாணத்தை முடித்துவைத்தார். குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. அந்த உணர்ச்சி கல்யாணத்துக்கென்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். மூன்று அடுக்கின் நடுவிலும் சுத்தமாக ஒரு குளம்பு இறங்கி ஏறியிருந்தது. இரட்டைக் கால்விரல் அச்சு அடித்தட்டுவரை தெரிந்தது. மார்னி குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்குச் சுட்டிருக்கலாம்" என்றாள்.

வெடித்துச் சிரித்தார்கள். பின்னால் யாரோ, "என்ன கறிக்கடை, இந்தத் தடவை குறி தப்பிடுச்சா?" என்றான். வெண்டெல் பழக்கப்படி சிரித்துவைத்தார். சுடவில்லை என்று சொல்லலாம். ஏன் சுடவில்லை என்று கேட்டால் ஓர்லோ அலறியதைச் சொல்ல வேண்டிவரும். மகள் கல்யாணத்தில் அப்பனை அவமானப்படுத்துவானேன் என்று கேக் வெட்டும் கத்தியைத் தேடப் போனார்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஓர்லோ சுளுக்கிய காலோடு எழுந்து நின்றிருந்தார்.

"குறி தப்பல. அவன் சுடல" என்றார். "நான்தான் சுடு சுடுன்னு கத்தினேன். முப்பது வருஷமா துப்பாக்கி தூக்காதவன், இன்னொருத்தன் துப்பாக்கியத் தூக்கச் சொல்லி கத்தினேன். கிளையை வெட்டிப் போட்டு அதைக் கூப்பிட்டது நான். வண்டியை விட்டுச் சீண்டினதும் நான்."

டெஸ்ஸா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் நான் தடத்தைப் பாத்து ஒரு தீர்ப்பு சொன்னேன். மறுநாள் காலையில, வயித்துக்குச் சாப்பிட்டுட்டு, நிதானமா நின்னு பாத்தேன். எல்லாம் தெளிவா தெரிஞ்சுது. இன்னிக்கு அடியில கிடந்தேன். எனக்கு நாலு காலு தெரிஞ்சுது. அவ்வளவுதான் தெரிஞ்சுது." அவர் வெண்டெல் பக்கம் கையைக் காட்டினார். "அந்த வளைவுல அது நிக்கலையாம். அங்க நின்னு பாத்தவன் அவன். அவன் சொன்னா அதுதான் சரி."

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தபிறகும் ஊரைக் கூட்டி வைத்து அதைச் சொல்கிறவர்கள் குறைவு. வெண்டெல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கேக்கை வெட்டத் தொடங்கினார். குளம்புக் குழி இருந்த நடுத்துண்டை யாருக்கு வைப்பது என்று மார்னியைப் பார்த்தார். அவள் ஓர்லோவைக் காட்டினாள்.

ஓர்லோ தட்டை வாங்கி, குழியைப் பார்த்து, பாதியைப் பிய்த்து வெண்டெல் கையில் வைத்தார்.

"தின்னுடா" என்றார். "நாளைக்குக் காலையில வந்துரு. அந்தக் கிளையெல்லாம் இழுத்து உள்ள போடணும். துப்பாக்கியையும் எடுத்துட்டு வா."